தரவரிசையில் ஒருவரை ‘ஹைட்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்?

அக்கா, அண்ணாமாருக்கு வணக்கம்.

விளையாட்டுச் செயலிகளின் நிர்வாக ஏபிஐக்கான (ஒரு நிரல் சேவைக்குக் கட்டளை அனுப்பும் வழி) தமிழ்க் கையேட்டில் மூன்று வினைச்சொற்கள் இன்னும் முடிவாகவில்லை: ஹைட், அன்ஹைட், ரீசெட். கூகுள் பிளே கேம்ஸ் சேவையைத்தான் அடிப்படையாக எடுத்திருக்கிறோம். பொய்ப் புள்ளியோடு மேலே வந்து நிற்பவரை மறைப்பது முதலாவது. மறைத்தவரைத் திரும்பக் காட்டுவது இரண்டாவது. பரிசோதகர் சேர்த்த புள்ளியைத் துடைப்பது மூன்றாவது. வரைவில் இப்போது “தடைசெய்”, “மீட்டெடு”, “மீட்டமை” என்று இருக்கின்றன. லீடர்போர்டுக்கு “முன்னிலைப் பலகை”, பிளேயருக்கு “விளையாட்டு வீரர்”. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

(வெள்ளவத்தை)

———

> ஹைட்: தடைசெய்

தம்பி, இது சரிவராது. “தடைசெய்யப்பட்டார்” என்று வாசித்தால், அவர் இனி விளையாடவே முடியாது என்றுதான் எவரும் விளங்கிக்கொள்வார்கள். நடப்பது அதுவல்ல. அவருடைய கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் செயலியின் தரவரிசைகளில் அவருடைய புள்ளி மற்றவர்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். பரீட்சைத் திணைக்களம் ஒருவரின் பெறுபேற்றை இடைநிறுத்தி வைப்பதைப் போன்றது: விடைத்தாள் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, வெளியிடவில்லை. “இடைநிறுத்து” என்றே வைக்கலாம். ஆனால் கணக்கை இடைநிறுத்துவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே நேரே “மறை”.

> அன்ஹைட்: மீட்டெடு

பெரிய ஆபத்து இங்கேதான். கட்டளை போகும் இணைய முகவரியின் அமைப்பைப் பாருங்கள்: செயலியின் அடையாளம், அதன் கீழ் ‘பிளேயர்ஸ்’, அதன் கீழ் ‘ஹிடன்’, கடைசியில் ஆளின் அடையாளக்குறி. இந்த முகவரிக்குப் போஸ்ட் என்ற கட்டளையை அனுப்பினால் அவர் மறைவார். அதே முகவரிக்கு டிலீட் அனுப்பினால் திரும்பத் தெரிவார். அடையாளக்குறி இல்லாமல் ‘ஹிடன்’ வரைக்கும் எழுதி கெட் அனுப்பினால், மறைந்திருப்பவர்களின் பட்டியல் வரும்.

டிலீட்டைக் கண்டதும் “ஆட்டக்காரரை நீக்கு” என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். கள்ள விளையாட்டு விளையாடியவரை அகற்ற நினைத்து அதை அழுத்தும் நிர்வாகி, அவரைத் திரும்ப மேலே ஏற்றிவிடுவார். அங்கே நீங்குவது ஆள் அல்ல, மறைப்பு. அதனால் “மறைப்பு நீக்கு”. பட்டியலுக்கு “மறைப்புப் பட்டியல்”. போஸ்ட் அதில் ஒருவரைச் சேர்க்கிறது, டிலீட் எடுக்கிறது என்று ஒரு வரி எழுதினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். “மீட்டெடு” என்பது தொலைந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதற்கான சொல். இங்கே எதுவும் தொலையவில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கையேட்டில் விடக்கூடாத இரண்டு விஷயங்கள். ஒரு தடவைக்கு 15 பேருக்கு மேல் வராது. அடுத்த பக்கத்துக்கான டோக்கனை (பதிலோடு வரும் குறியீட்டை) எடுத்து மறுபடி கேட்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் பக்கத்தோடு பட்டியல் முடிந்துவிட்டதென்று நினைப்பார்கள். இன்னொன்று, ஒவ்வொரு பதிவிலும் ஆட்டக்காரரின் விவரமும் மறைத்த நேரமும் மட்டுமே இருக்கும். ஏன் மறைத்தோம் என்று எழுத அதில் இடமில்லை. காரணத்தையும் மறைத்தவர் யார் என்பதையும் நீங்களே வேறாகப் பதிந்துவைக்க வேண்டும். முறைப்பாடு வரும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

> ரீசெட்: மீட்டமை

இதுவும் வேண்டாம். “மீட்டமை” என்றால் பழைய புள்ளி திரும்பி வரும் என்று தோன்றும். உண்மையில் இருக்கிற புள்ளியும் போய்விடும். பக்கத்திலேயே “மீட்டெடு” வேறு இருந்தால், ஒன்றென்று நினைத்து மற்றதை அழுத்துவது நிச்சயம். எனது முன்மொழிவு “துடை”. தம்பி, உங்கள் கடிதத்திலேயே அந்தச் சொல் இயல்பாக வந்திருக்கிறது.

யார் எதைச் செய்யலாம் என்பதையும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். பரிசோதகர் தன்னுடைய புள்ளியை மட்டும் துடைக்கலாம், இன்னொருவருடையதைத் தொட முடியாது. எல்லோருடைய புள்ளியையும் ஒரேயடியாகத் துடைக்கிற கட்டளை டெவலப்பர் கன்சோலில் (செயலியை உருவாக்கியவர்களின் நிர்வாகத் தளத்தில்) அனுமதியுள்ள கணக்குக்குத்தான், அதுவும் இன்னும் வெளியிடாத வரைவுத் தரவரிசைக்கு மட்டும்தான். மறைப்பதும் மறைப்பு நீக்குவதும் அதேபோல் கன்சோல் கணக்குக்குரியவை. பரிசோதகராக உள்நுழைந்து முயன்றால் அனுமதி கிடைக்காது.

> முன்னிலைப் பலகை, விளையாட்டு வீரர்

முன்னிலையில் இல்லாதவரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார். “புள்ளிப்பட்டியல்” கிரிக்கெட் செய்தியில் அணிகளுக்குரியது. தவிர, எல்லா லீடர்போர்டும் புள்ளியை எண்ணுவதில்லை. நேரத்தை வைத்து நடக்கும் ஓட்டத்தில் 75,500 என்று அனுப்பினால் அது மில்லிசெக்கன். திரையில் 1 நிமிடம் 15.5 செக்கனாகக் காட்டும், அங்கே குறைந்தவரே முன்னால். “தரவரிசை” என்றால் இரண்டுக்கும் பொருந்தும். பிளேயருக்கு “ஆட்டக்காரர்” போதும்.

(கொட்டாஞ்சேனை)

———

அக்கா, “மறை”, “துடை” இரண்டுக்கும் முழு உடன்பாடு. மற்றவற்றில் சிறு மறுப்பு.

லீடர்போர்டுக்குத் “தரவரிசை” என்றால் ராங்குக்கு என்ன? ஏபிஐயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அதையும் “தரவரிசை” என்று எழுதினால் “தரவரிசையில் அவரது தரவரிசை” என்று வாக்கியம் முட்டிக்கொள்ளும். பிள்ளை வகுப்பில் எத்தனையாம் இடம் என்றுதானே எல்லோரும் கேட்கிறோம். ராங்குக்கு “இடம்”: “தரவரிசையில் 3ஆம் இடம்”.

“மறைப்பு நீக்கு” கையேட்டுக்கு நல்லது, பொத்தானுக்கு ஆபத்தானது. குறுகிய திரையில் அது இரண்டு வரியாக உடையும். இடம் போதாமல் ஒரு வரி வெட்டுப்பட்டால் “மறைப்பு” மட்டும் தெரியும், அதாவது நேர் எதிரான கட்டளை. பொத்தானில் “திரும்பக் காட்டு” என்று எழுதுவோம். வெட்டுப்பட்டாலும் “திரும்ப” மிஞ்சும், அது யாரையும் பிழையான பக்கம் கொண்டுபோகாது.

இன்னொரு சொல்லும் தேவை. தரவரிசையை அமைக்கும்போதே ஆகக்கூடிய, ஆகக்குறைந்த புள்ளிக்கு எல்லை வைக்கலாம். அந்த எல்லைக்கு வெளியே வரும் புள்ளி பதிவாகாது. இதையும் வரைவில் “மறை” என்றே எழுதியிருக்கிறது. மறைக்க ஒன்று இருக்கவேண்டுமே; இங்கே உள்ளே வரவே இல்லை. “ஏற்காது விடு” என்று பிரித்து எழுதுங்கள். ஒரு கட்டத்தில் 500க்கு மேல் எடுக்கவே முடியாதென்றால் எல்லையை 500இல் வைப்பதுதான் முதல் வேலை. ஆளை மறைப்பது அதற்கும் தப்பி வந்தவர்களுக்கு.

(தெஹிவளை)

———

மூன்றையும் ஏற்கிறேன். “இடம்” மிக நல்ல தேர்வு.

தம்பி, திருத்தும்போது “தினசரித் தரவரிசை நள்ளிரவில் மீட்டமைக்கப்படும்” என்ற வரியையும் பாருங்கள். அங்கே ஒருவரும் எதையும் துடைப்பதில்லை. நாள் முடிந்து புதியது தொடங்குகிறது. நள்ளிரவு என்பதும் இங்கத்தைய நள்ளிரவு அல்ல. அந்தச் சேவை வருடம் முழுவதும் யுடிசி மைனஸ் 7 மணிக் கணக்கில், அதாவது உலகப் பொது நேரத்துக்கு 7 மணித்தியாலம் பிந்தி, ஓடுகிறது. கொழும்பில் அது பகல் 12.30. வாரத் தரவரிசை அங்கே சனி முடிந்து ஞாயிறு பிறக்கும்போது மாறுவதால் நமக்கு ஞாயிறு பகல் 12.30. “தினசரித் தரவரிசை இலங்கை நேரப்படி ஒவ்வொரு நாளும் பகல் 12.30க்குப் புதிதாகத் தொடங்கும்” என்று எழுதிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் தன் பெயர் காணாமல் போன ஆட்டக்காரர், தன்னை மறைத்துவிட்டார்கள் என்று முறைப்பாடு அனுப்பமாட்டார்.

(கொட்டாஞ்சேனை)