சங்கக்கடை வரிசையும் கியூஆர் வரிசையும்

கோப்பாயிலிருந்து ஒருவர்:

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, எரிபொருள் நிரப்பு நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர், தமது பழைய மோட்டார் சைக்கிளின் கழுத்துப் பகுதியில் படிந்திருந்த துருவை ஐந்து ரூபாய்க் குற்றியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்துக்குப் பதிவு செய்ய, வண்டியின் சட்டகத்தில் பொறித்த சேசி இலக்கம் தேவைப்பட்டது. அவருடைய பதிவுப் புத்தகமோ 1995 இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தபோது இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆனால் கடைசி இலக்கம் 3 ஆ, 8 ஆ என்பதில் எங்கள் இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. என் கைபேசியில் இரண்டையும் இட்டுப் பார்த்தேன், இரண்டும் நிராகரிக்கப்பட்டன.

"சைக்கிள் என்ரை எண்டு ஊருக்கே தெரியும் மோனை, இதுக்குத் தெரியாதாமோ?" என்று அவர் கேட்டார். கடைசியில், எவ்வித நம்பிக்கையுமின்றி 5 என்று இட்டபோது ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாரத்துக்கு 4 லீற்றர்.

அந்தக் கேள்வி என்னை 2006ஆம் ஆண்டுக்குக் கொண்டுசென்றது. அவ்வருடம் ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரினால் மூடப்பட்டபின், பங்கீட்டுப் பொருளுக்காகக் குடும்ப அட்டையுடன் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நான் நின்ற நாட்கள் பல. அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்த என் பேத்தியாருக்கு, "ஆச்சி, நாளைக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்று சொல்லிச் சீனியை நிறுத்துக் கொடுத்த அதே முகாமையாளர், தம்மோடு வேலித் தகராறு கொண்டிருந்த அயலவருக்குச் சீனி முடிந்துவிட்டது என்றார். மூட்டை அவர் காலடியிலேயே இருந்தது. ஆகவே முகம் பார்த்துப் பங்கிட்ட காலத்தைப் பொற்காலமாக நினைப்பவனல்ல நான். கியூஆர் முறை வந்த சில வாரங்களில் கலன்களில் வாங்கிப் பதுக்குவது பெரிதும் அடங்கியதையும், நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் குறுகியதையும் நேரில் கண்டேன்.

எனினும், அந்த முறை ஒரு லீற்றர் பெற்றோலைக்கூட நாட்டுக்குக் கொண்டுவரவில்லை என்பதை அப்போது நாம் மறந்தே போனோம். 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இருக்கவில்லை. யாரோ எங்கோ எடுத்த முடிவுகளால் வந்த பற்றாக்குறை, எங்கள் கைபேசிகளில் ஒழுங்கான கறுப்புக் கட்டங்களாக வந்து சேர்ந்தபோது, கோபப்படுவதற்கு எதிரில் ஆளில்லாமல் போயிற்று. பம்பருகே நின்ற பொடியனிடம் கத்தியவர்களைப் பார்த்தேன். அவன் பாவம், திரையைத் திருப்பிக் காட்டினான். சங்கக்கடை முகாமையாளரோடென்றால் ஒருநாள் முழுக்கச் சண்டை பிடித்திருக்கலாம்.

நீர்வேலியிலிருந்து ஒருவர்:

எனக்குக் கியூஆர் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. என்னைத் தடுத்தது விலை. அதே ஓகஸ்டில், என் தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. குறைந்த விலையில் விற்றதால் பஸ்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அது திருப்பப்பட்டது என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யல்ல. ஆயினும் கடற்றொழிலாளருக்கும் என்போன்ற தோட்டக்காரருக்கும் வேறு வழி இருக்கிறதா என்று விலையை ஏற்றியபின்னரே யோசித்தார்கள். மின்சார மோட்டருக்கு மாறலாமென்றால், மின்கட்டணமும் அந்த மாதமே சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது.

அந்தப் போகம் என் ஆறு பரப்புக் காணியில் இரண்டு பரப்புக்கு மட்டும் வெங்காயம் நட்டேன். கிணற்றடியில் என் தகப்பனார் காலத்தில் ஆள்பலத்தால் நீரிறைத்த துலாவின் கால்கள் இன்னும் நிற்கின்றன. கனடாவிலிருக்கும் மகன், கைபேசியில் அவற்றைப் பார்த்துவிட்டு, துலாவைத் திரும்பப் போட்டாலென்ன என்று கேட்டான். துலா மிதிக்க ஒருவர், தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிக்க ஒருவர், தண்ணீர் கட்ட ஒருவர் வேண்டும். வீட்டில் நானும் அவனுடைய தாயும்தான் இருக்கிறோம்.