பேன்ட்ரி கபட் மட்டம் வரவில்லை, சனிக்கிழமை கிரானைட் வருகிறது, யாராவது சொல்லுங்கள்

கொட்டகலை_சுரேன் | செவ்வாய், இரவு 9.40
வணக்கம் எல்லோருக்கும். வீட்டில் பேன்ட்ரி கபட் நானே பொருத்திக்கொண்டிருக்கிறேன். கீழ்ப் பெட்டி நான்கு. மூன்றை வைத்துவிட்டேன், நாலாவது மட்டும் என்ன செய்தாலும் மற்ற மூன்றோடு சேரவில்லை, ஒரு முனை விரல் மொத்தம் மேலே நிற்கிறது. பெட்டியின் காலைத் திருகி இறக்கலாம் என்றால் இதற்கு மேல் இறங்காது. இரண்டாவது பெட்டியின் கதவு வேறு உரசுகிறது, நேற்று வரை உரசவில்லை. கிரானைட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அவசரம்.

ஹட்டன்_குமார் | இரவு 9.52
தரை டைலா சீமெந்தா? பிளாஸ்டிக் திருகுகாலா, மரச்சட்டமா? நேர் வரிசையா, மூலை திரும்புகிறதா? எந்தப் பக்கத்தில் தொடங்கினீர்கள்? இதில் ஒன்றையும் சொல்லாமல் சேரவில்லை என்றால் நாங்கள் சாமி வந்தா குறி சொல்வது?

வெலிமடை_வாசி | இரவு 10.05
பலகை ஊதியிருக்கும் தம்பி. உங்கள் பக்கத்து ஈரத்துக்கு எம்டிஎஃப், அந்த மரத்தூள் அழுத்திய பலகை எல்லாம் சரிவராது, மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கிறது. வெட்டிய ஓரத்தில் எட்ஜ் பேண்ட் பட்டி ஒட்டாத இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மட்டப்பலகை | இரவு 10.31
இதே கேள்விக்கு நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் இல்லை. முதல் பெட்டியைத் தொடுவதற்கு முன் சுவரில் மட்டக்கோடு போட்டீர்களா? போட்டிருக்க மாட்டீர்கள். வீடியோ பார்த்துவிட்டு டிரில்லரைத் தூக்குகிற எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. மூலையில்தான் தொடங்க வேண்டும், அது விதி.

கொட்டகலை_சுரேன் | புதன், காலை 6.15
வேலைக்குப் போகும் அவசரம். தரை டைல். பிளாஸ்டிக் கால். நேர் வரிசை, 9 அடி, மூலை கிடையாது. பின்வாசல் பக்கம் தொடங்கினேன், லொறியிலிருந்து சாமான் இறக்கி வைத்தது அங்கேதான். கோடு போடவில்லை. லெவல் பக்கத்து வீட்டு மாமாவுடையது. பலகை ஊதவில்லை, போன கிழமைதான் வாங்கினேன்.

நானுஓயா_பாஸ் | புதன், காலை 7.20
பின்வாசல் என்று சொன்னீர்களே தம்பி, விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் குசினித் தரையை யாரும் மட்டமாகப் போடுவதில்லை. கழுவி விட்டால் தண்ணீர் பின்வாசல் வழியாகக் கானுக்கு ஓட வேண்டும் என்று மேசன் பாஸ் வேண்டுமென்றே வாட்டம் கொடுப்பார். டைல் ஒட்டும்போதும் அதே வாட்டம் வரும். நீங்கள் பள்ளத்தில் தொடங்கி மேட்டை நோக்கி வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் காலை இறக்கி இறக்கிச் சமாளித்து, மூன்றாவதோடு திருகு முடிந்துவிட்டது. நாலாவது எங்கே இறங்கும்?

மூன்றையும் கழற்றுங்கள், வருத்தப்படாதீர்கள், ஒரு மணி நேர வேலைதான். மேசன் யாரிடமாவது லெவல் குழாய் இருந்தால் வாங்குங்கள், தண்ணீர் நிறைத்த அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது, பார்க்கும்போது இரண்டு முனையிலிருந்தும் விரலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்லும். சுவரில் இடுப்பு உயரத்துக்கு 9 அடிக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தரைக்கு அடிக்கு அடி அளந்து எழுதுங்கள். எங்கே அளவு மிகக் குறைவோ அதுதான் மேடு. சுவரோரம் மட்டும் போதாது, முன்கால் வரும் இடத்திலும் பாருங்கள். மேட்டில் நிற்கும் பெட்டியின் காலை முழுக்க இறக்கி வையுங்கள், மற்றதெல்லாம் அதன் உயரத்துக்கு ஏறி வரட்டும். திருகுகால் ஏறத்தான் இருக்கிறது, தரைக்குள் இறங்க முடியாதே.

மட்டப்பலகை | காலை 8.02
நானும் கோடு என்றுதான் சொன்னேன். மூலையில் தொடங்கு என்பதும் தப்பில்லை.

நானுஓயா_பாஸ் | காலை 8.40
மூலை இருந்தால் மூலையில் தொடங்கலாம் ஐயா, அது இடத்துக்கு. உயரத்தை எப்போதும் மேடுதான் சொல்லும். இவருக்கு மூலையே இல்லை.

பண்டாரவளை_அக்கா | காலை 9.15
தம்பி, முதலில் அந்த மாமாவின் லெவலைச் சோதியுங்கள். ஒரே இடத்தில் வைத்துக் குமிழைப் பாருங்கள், பிறகு முனைக்கு முனை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் குமிழ் ஒரே பக்கம் ஒரே அளவு நின்றால் லெவல் நல்லது. மாறினால் மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கதவு உரசலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது பெட்டியை நேற்றுத்தான் சுவரில் ஸ்குரூ போட்டு இறுக்கியிருப்பீர்கள், சரியா? பிளாக் கல் சுவர் பூச்சில் எங்கேயாவது குழி இருக்கும், ஸ்குரூவை இறுக்க இறுக்கப் பெட்டியின் அந்த மூலை பின்னால் போகும், முன்பக்கம் முறுக்கிக்கொள்ளும். கீலைத் திருகித் திருகிக் கதவைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்குரூவைத் தளர்த்தி, குழி உள்ள இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டைச் சொருகிவிட்டு இறுக்குங்கள். முறுக்கு போய்விட்டதா என்று பார்க்க, பெட்டி வாயின் நாலு மூலையிலும் ஆணி தட்டி மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் போதும். இடைவெளி விட்டாலோ ஒன்று மற்றதைத் தள்ளினாலோ முறுக்கு இருக்கிறது.

இன்னொன்று, சுவரில் இறுக்கும் முன் பெட்டிகளை ஒன்றோடொன்று கிளாம்ப் போட்டு ஸ்குரூ பண்ணிவிடுங்கள். முன்முகம் ஒரே வரியில் வரும்.

கொட்டகலை_சுரேன் | புதன், பகல் 12.50
அக்கா சொன்னது சரி, நேற்றுத்தான் இறுக்கினேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றேகால் அங்குலம் வருகிறது, தம்பியை விட்டு அளக்கச் சொன்னேன். திருகுகால் ஒரு அங்குலம்தான் ஏறும். இப்போது என்ன?

நானுஓயா_பாஸ் | பகல் 1.10
10 நூல் வாட்டம், கால் 8 நூல் ஏறும். 2 நூல் பற்றாது. கடைசிக் கால்களுக்கு அடியில் தரை டைல் துண்டு வையுங்கள், சிலிக்கன் ஒரு சொட்டு விட்டு ஒட்டிவிடுங்கள். எம்டிஎஃப் துண்டு வைக்காதீர்கள், கழுவும் தண்ணீர் குடித்து ஊதிவிடும்.

ஹட்டன்_குமார் | பகல் 1.22
நூல் என்றால் என்ன பாஸ்? அக்கா கட்டச் சொன்ன நூலா?

நானுஓயா_பாஸ் | பகல் 1.30
அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

வெலிமடை_வாசி | பகல் 2.05
இவ்வளவு பாடு எதற்கு? செங்கல் தூண் மூன்று, மேலே கொங்கிரீட் ஸ்லாப், முன்னால் அலுமினியக் கதவு. எங்கள் வீட்டில் 2009இல் போட்டது இன்னும் அசையவில்லை.

மட்டப்பலகை | பகல் 2.30
அசையாதுதான், ஆனால் கழற்றவும் முடியாது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ஸ்லாப்பையா உடைப்பீர்கள்? எலி குடும்பம் நடத்துவது வேறு.

வெலிமடை_வாசி | பகல் 2.41
எலிக்கு எம்டிஎஃப் என்றால் விரதமா?

பண்டாரவளை_அக்கா | பகல் 3.00
எலியை விடுங்கள். சுரேன், கேஸ் சிலிண்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? எல்லோரும் 12.5 கிலோ சிலிண்டரைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். 2021 கடைசியில் வீடு வீடாக வெடித்தது மறந்துபோனதா? முடிந்தால் சிலிண்டர் வெளியே. உள்ளேதான் என்றால் பெட்டியின் அடியோரம் வெளிக்காற்றுக்கு ஓட்டை இல்லாமல் வைக்காதீர்கள்.

ஹட்டன்_குமார் | பகல் 3.18
எங்கள் தோட்டத்தில் கேஸ் விலைக்குப் பயந்து பாதி வீட்டில் இன்னும் மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி எரிக்கிறார்கள். பேன்ட்ரி போட்ட வீட்டிலும் பின்னால் ஒரு விறகடுப்பு இருக்கிறது, கிரானைட் மேல் ரைஸ் குக்கர் மட்டும்தான் இருக்கிறது.

மட்டப்பலகை | பகல் 3.40
விறகடுப்புப் புகை படிந்தால் ஆறு மாதத்தில் வெள்ளைக் கதவு தேயிலைச் சாயம் ஆகிவிடும். எதற்குத்தான் பேன்ட்ரி போடுகிறீர்களோ.

ஹட்டன்_குமார் | பகல் 3.44
தேயிலைச் சாயத்தில்தானே எல்லோரும் வாழ்கிறோம்.

நானுஓயா_பாஸ் | மாலை 6.10
சுரேன் தம்பி எங்கே? ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வரிசை முழுவதும் முன்பு வைத்ததைவிட முக்கால் அங்குலம் உயரப் போகிறது, அதற்கு மேல் கிரானைட் முக்கால் அங்குலம். ஜன்னல் படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஜன்னல் உள்பக்கம் திறக்கிறதா? கிரானைட் வரும் முன் பாருங்கள்.

நானுஓயா_பாஸ் | வியாழன், இரவு 8.00
தம்பி?

கொட்டகலை_சுரேன் | ஞாயிறு, இரவு 7.25
மன்னிக்கவும், வியாழக்கிழமை முழுக்க கரண்ட் இல்லை. மூன்றையும் கழற்றி மேட்டிலிருந்து வைத்தேன், வந்துவிட்டது. டைல் துண்டு நான்கு. மாமாவின் லெவல் நல்லது. ஜன்னல் படிக்கும் கிரானைட்டுக்கும் நடுவில் ஒரு நூல்தான், பாஸ் கேட்காவிட்டால் கவனித்தே இருக்க மாட்டேன். கதவு உரசவில்லை. படம் ஏற மாட்டேன் என்கிறது, பிறகு போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பண்டாரவளை_அக்கா | ஞாயிறு, இரவு 7.31
சிலிண்டர் எங்கே தம்பி?

பண்டாரவளை_அக்கா | புதன், காலை 9.05
சுரேன், சிலிண்டர்?