303 கருவியும் பம்பாய் ராகங்களும்: உங்கள் அனுபவம் என்ன?

பெர்லினில் நான் அடிக்கடி போகும் பழைய இசைத்தட்டுக் கடையில் ஒருவரோடு வாக்குவாதமே நடந்துவிட்டது. பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிந்த தட்டின் மறுபதிப்பு அவர் கையில் இருந்தது. "இது மோசடி. யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்கள்" என்று அடித்துச் சொன்னார்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 2010இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் இதை மறுபதிப்புச் செய்தபோதே, ஏதோ ஒரு ஐரோப்பியக் கலைஞரின் குறும்பு இது என்று பலர் பேசினார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழுவிடமிருந்து வந்தது என்பதுதான் எல்லோரும் படித்த வரலாறு. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் குழு வாசித்த அதே ரோலண்ட் டிபி-303 என்ற மின்னணு பேஸ் (கீழ்ச்சுர) கருவியிலிருந்து அதே நெளியும் ஒலியை எடுத்தார் என்றால் அந்த வரலாற்றில் அவருக்கு இடமில்லை. அதனால் ஆளையே போலி என்றார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத கோபம்.

அந்தக் கடையிலேயே மால்கௌன்ஸ் ராகத்தைப் போடச் சொன்னேன். நம் இந்தோளம்தான். அடியில் தாளமும் 303உம் இயந்திரமாக ஓடிக்கொண்டே இருக்க, மேலே ஜூபிட்டர்-8 என்ற சிந்தசைசரில் ராகம் அவசரமே இல்லாமல் விரிகிறது. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகம் வாசித்துப் பழகிய கை அதைத்தானே முதலில் தேடும்? நடன அரங்கை ஏமாற்ற நினைப்பவனுக்கு இந்தப் பொறுமை எதற்கு என்று கேட்டேன். அவர் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். சந்தேகம் முழுதாகப் போகவில்லை என்றுதான் சொன்னார்.

இப்போது வரும் ரெட்ரோ இசையில் என்னை உறுத்துவது 303இன் ஒலியைக் கணினியில் செய்யும் நகல்கள் அல்ல. கணினியில் துல்லியமாகச் செய்த பாட்டின் மேல் தட்டின் கீறல் சத்தத்தையும் நாடாவின் இரைச்சலையும் தூவி விற்கிறார்களே, அதுதான். ஒலியைக் கடன் வாங்கலாம். வயதைக் கடன் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுமொழி

அண்ணா, சரண்ஜித் சிங் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நகல்களைப் பற்றித்தான் கொஞ்சம் வேறுபடுகிறேன்.

நண்பர் ஒருவரின் வீட்டில் அசல் 303 ஒன்றை வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மொத்தமே சுமார் 10,000 கருவிகள்தான் செய்தார்கள், 1984இலேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் தொடவே கை கூசியது. அதில் சுரங்களைத் தனியாகவும் அவற்றின் கால அளவைத் தனியாகவும் பதிய வேண்டும். திரை கிடையாது. நான் நினைத்த மெட்டு ஒன்று, வெளியே வந்தது வேறொன்று. வந்ததை அழிக்காமல் ஓடவிட்டு, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டியின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். மந்தமாக முனகிய ஒலி மெல்லக் கூர்மையாகிக் கீச்சிட்டது. சிகாகோ இளைஞர்கள் கண்டதும் இதைத்தான். கிட்டார்காரருக்குப் பக்கவாத்தியமாக பேஸ் வாசிக்கச் செய்யப்பட்ட பெட்டி அது. அந்த வேலையில் தோற்று மலிவு விலைக்கு வந்ததால்தான் அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

வீட்டில் நான் பயன்படுத்துவது கணினி நகல்தான். ஒலியில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதில் மெட்டு திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தவறு உடனே கண்ணில் படுகிறது, உடனே திருத்திவிடுகிறேன். அந்த எதிர்பாராத மெட்டு எனக்கு அதில் கிடைப்பதே இல்லை. ஆகவே இப்போது திரையை அணைத்துவிட்டு, வெளிக்குமிழ்களை மட்டும் வைத்துப் பழகுகிறேன்.

இங்கே வேறு யாராவது அசலில் மெட்டுப் பதிந்திருக்கிறீர்களா? பாட்டரி தீர்ந்து நினைவகம் குழம்பினால் யாரும் பதியாத சுரங்கள் வரும் என்கிறார்கள். கேட்டவர்கள் எழுதுங்கள்.