நாலு கிளாஸ், ஒரே அளவு: நம்ம ஊர் வெயிலில் விஸ்கி ஒப்பிட்ட அனுபவங்கள்

ஓசூர் மலையடி

இரண்டு மூன்று விஸ்கியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தவர்கள் இங்கே எழுதலாம். எந்த பிராண்ட் உசத்தி என்ற சண்டை வேண்டாம். எத்தனை மி.லி., எத்தனை சதவீதம் ஆல்கஹால், என்ன தண்ணீர், எங்கே பிசகியது, ஏன் பிசகியது, அவ்வளவுதான் வேண்டும். நான் தொடங்கி வைக்கிறேன்.

கிளாஸுக்கு 15 மி.லி., நாலு கிளாஸ், மொத்தம் 60. அதைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். ஐந்தாவது விஸ்கிக்குப் போடுகிற மார்க்கில் பாதி, முந்தைய நாலும் ஏற்றிவிட்ட போதைக்குச் சேர வேண்டியது. 60 மி.லி. பெக் மெஷரை வைத்துக்கொண்டு கண்ணளவில் கால்வாசி ஊற்றினால் சரிவராது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று விஸ்கிக்கு, 5 மி.லி. ஒன்று தண்ணீருக்கு. இரண்டையும் வெந்நீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கிளாஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். 2001-இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேராக நிற்கும் டம்ளரில் வாசம் தங்காது. கழுவிய கிளாஸைத் துணிமேல் கவிழ்த்து வைத்தால் துணியின் ஈர வாடை உள்ளே அடைபட்டுக்கொள்ளும், நிமிர்த்தியே காய விடுங்கள். ஊற்றியதும் ஒரு சின்னத் தட்டால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள்.

இனி வெப்பம். புத்தகங்களில் 'அறை வெப்பநிலை' என்று எழுதுகிறவன் ஸ்காட்லாந்துக்காரன். அவன் அறை 18-லிருந்து 20 டிகிரி. தருமபுரியில் மே மாதம் மாடி அறை 35-ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவிதான் முதலில் கிளம்பி மூக்கில் அறைகிறது, பழ வாசம், மர வாசம் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. "இந்த விஸ்கி காட்டம்" என்ற தீர்ப்புகளில் பல வெயிலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பாட்டிலைப் பிரிட்ஜில் சற்று நேரம் வைத்து, சமையல் தெர்மாமீட்டரில் 20-லிருந்து 22 வந்ததும் எடுங்கள். 15-க்குக் கீழே போனால் வாசம் அடங்கிவிடும். காற்று வறண்ட நாளில் மண்பானைத் தண்ணீருக்குள் பாட்டிலை நிறுத்துவதும் வேலை செய்யும். ஐஸ் போட்டால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு கிளாஸிலும் ஒவ்வொரு வேகத்தில் உருகும்.

பென்னாகரம் ரோடு

மலையடி அண்ணா தண்ணீரைத் தொடவில்லை, நான் தொடுகிறேன். எங்கள் பக்கம் போர் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடு தொல்லையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ருசி பார்க்கிறபோது ஃபுளோரைடைவிட வம்பு செய்வது உப்பும் சுண்ணாம்புச் சத்தும். அரை ஸ்பூன் போர் தண்ணீர் விட்டாலே முடிவில் ஒரு துவர்ப்பு நாக்கில் படியும். அதைப் பீப்பாயின் ஓக் மரத்துத் துவர்ப்பு என்று எழுதிவைத்துவிடுவோம்.

குழாய் வழி வரும் ஒகேனக்கல் தண்ணீர் அவ்வளவு கடினமில்லை, ஆனால் குளோரின் வாடை உண்டு. புகை வாசமுள்ள விஸ்கியில் அது கலந்தால் ஆஸ்பத்திரி வாடை இரண்டு மடங்காகும். கொதிக்க வைத்து, திறந்த பாத்திரத்தில் ஆற வைத்தால் வாடை போய்விடும். எல்லாவற்றையும்விட எளிது ஆர்.ஓ. தண்ணீர் அல்லது ருசியில்லாத கேன் தண்ணீர். கேனிலும் வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் வாடை ஏறியது உண்டு. முதலில் தண்ணீரை மட்டும் முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்று. தண்ணீர் விட்டதும் விஸ்கி கலங்கினால் 'டூப்ளிகேட்' என்று பதற வேண்டாம். குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியை 46 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால், அதிலுள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் கரையாமல் மங்கலாகத் தெரியும். அது நல்ல அறிகுறிதான். சந்தேகம் இருந்தால் அதே விஸ்கியில் ஆர்.ஓ. தண்ணீரையும் போர் தண்ணீரையும் தனித்தனியாக விட்டுப் பாருங்கள். போர் தண்ணீரில் மட்டும் கலங்கினால் குற்றவாளி தண்ணீர்.

பாலக்கோட்டான்

ஒப்பிடுவதற்கு முன்னால் லேபிளைப் படியுங்கள். இல்லாவிட்டால் மாவையும் களியையும் ஒப்பிட்ட கதை.

எங்கள் ஊர் சர்க்கரை ஆலைப் பக்கம் போனவர்களுக்கு மொலாசஸ் வாசம் தெரியும். நம் நாட்டில் குறைந்த விலையில் விற்கும் விஸ்கிகளில் பலவற்றுக்கு அடிப்படை, அந்த மொலாசஸைப் புளிக்க வைத்து 96 சதவீதம் வரை காய்ச்சி எடுத்த நியூட்ரல் ஸ்பிரிட். அந்த அளவுக்குக் காய்ச்சிய பிறகு கரும்பு வாசம் ஒன்றும் மிஞ்சாது. நிறம் கேரமலில் வருகிறது, வாசம் கொஞ்சம் மால்ட்டிலிருந்தோ (முளைகட்டிய பார்லி விஸ்கி) சேர்க்கும் ஃபிளேவரிலிருந்தோ வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொலாசஸ் சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அடுத்த படி, இந்திய தானிய ஸ்பிரிட்டோடு ஸ்காட்ச் மால்ட் கலந்தவை. அதற்கு மேல் பிளெண்டட் ஸ்காட்ச்: மால்ட்டும் தானிய விஸ்கியும் கலந்தது, ஸ்காட்லாந்தில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தது. அதற்கு மேல் சிங்கிள் மால்ட்: ஒரே டிஸ்டிலரி, முளைகட்டிய பார்லி மட்டும். பர்பன் தனிச் சாதி: 51 சதவீதமாவது மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய். அதனால்தான் வெனிலா அப்படித் தூக்கலாக இருக்கிறது.

படிக்குள்தான் ஒப்பிட வேண்டும். 180 மி.லி. குவாட்டரையும் 18 வருட மால்ட்டையும் பக்கத்தில் வைத்து 'மால்ட்தான் ஜெயித்தது' என்று சொல்வதில் என்ன தகவல் இருக்கிறது?

லேபிளில் வரும் 42.8 சதவீதம் என்ற விநோத எண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆல்கஹாலை அளக்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 100 புரூஃப் என்பது 57.1 சதவீதம். அதில் 75 புரூஃப்தான் 42.8. இந்தியாவில் பாட்டிலாகும் ஸ்காட்ச் பலவும் இந்த அளவில் வருகின்றன, அதே பெயர் வெளிநாட்டில் 40-ஆக இருக்கும். ஏர்போர்ட் பாட்டிலையும் இங்கத்திய பாட்டிலையும் ஒப்பிட்டு 'சரக்கே வேறு' என்பவர்கள் முதலில் இந்த 2.8-ஐச் சமன் செய்துவிட்டுப் பேசட்டும்.

மத்திகிரி

சமன் செய்வது எப்படி என்று எழுதிவிடுகிறேன். ஊற்றிய அளவு × இருக்கும் சதவீதம் ÷ வேண்டிய சதவீதம். வரும் விடையில் ஊற்றிய அளவைக் கழித்தால் மிச்சம் தண்ணீர். 15 மி.லி. விஸ்கியை 40-க்கு இறக்க:

42.8 என்றால் 1 மி.லி.
46 என்றால் 2.2 மி.லி.
50 என்றால் 3.8 மி.லி.

5 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.2 வீதம் இருப்பதால் இதற்குத் தோது. முதல் சுற்று பாட்டிலில் இருந்தபடியே, இரண்டாவது சுற்று எல்லாம் 40-இல். முதல் சுற்றில் முன்னால் நின்றது இரண்டாவதில் பின்னால் போனால், நமக்குப் பிடித்தது அதன் காட்டம் மட்டும்தான்.

தண்ணீர் விட்டால் வாசம் 'திறக்கிறது' என்பது வெறும் பேச்சில்லை. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் காட்டினார்கள். புகை வாசம் தரும் குவாயகால் மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதான்.

இந்த வெயிலுக்குப் பொருத்தமான ஒப்பீடு என்று கேட்டால் நான் வைப்பது இந்திய மால்ட் வரிசை. அம்ருத் சிங்கிள் மால்ட், பால் ஜான் பிரில்லியன்ஸ், இந்திரி டிரினி, மூன்றும் 46. அளவு சரிசெய்யும் வேலையே இல்லை. பெங்களூருக்காரர்களின் அம்ருத் 2004-இல் கிளாஸ்கோவில் அறிமுகமானது. கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ் பர்பன் பீப்பாயில் வளர்ந்தது, புகை கிடையாது. தேன், வெனிலா என்று நேராகப் பேசும். ஹரியானாவின் இந்திரி டிரினி பர்பன், பிரெஞ்சு ஒயின், பி.எக்ஸ். ஷெர்ரி (இனிப்பான ஸ்பானிஷ் ஒயின்) என்று மூன்று பீப்பாய்க் கலவை. பிரில்லியன்ஸுக்கு அடுத்து வைத்தால் உலர்ந்த திராட்சை தெளிவாகத் தனியே தெரியும். வரிசையை மாற்றி டிரினியை முதலில் வைத்தால் பிரில்லியன்ஸ் சப்பென்று ஆகிவிடும். அது அதன் குறை இல்லை, வரிசையின் குறை. நாலாவது கிளாஸுக்கு அம்ருத் ஃபியூஷன்: 50 சதவீதம், ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்ந்தது, ஆகவே கடைசி.

இந்த இந்திய மால்ட்டுகளில் பீப்பாய் மரம் தூக்கலாக இருக்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும், பெங்களூரில் 10-லிருந்து 12. மரச்சத்து இறங்குவதும் இங்கே வேகம். வயது எண் இல்லை என்பதற்காக இந்திய மால்ட்டைத் தள்ளிவிடாதீர்கள். இந்தச் சூட்டில் 12 வருடம் போட்டு வைத்தால் பீப்பாயில் பெரும்பங்கு காற்றோடு போயிருக்கும்.

காவேரிப்பட்டணம்

ருசிக் குறிப்பு எழுதும்போது ஹெதர் பூ, கூஸ்பெர்ரி டார்ட் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பூவை யார் முகர்ந்தது? மூக்குக்குப் பழகிய வாசத்தைத்தான் திரும்ப அடையாளம் காண முடியும். நான் எழுதிவைக்கும் சொற்கள்:

முளைகட்டிய கேழ்வரகைக் காய வைத்து வறுக்கும்போது வரும் வாசம்: மால்ட். இளம் மால்ட்டுகளில் அதிகம்.
வாழைப்பழம், பழுத்த செந்தூரா மாம்பழம்: எஸ்டர்கள். நொதிக்கும்போது பிறப்பவை. முகர்ந்த முதல் நிமிடத்திலேயே எழுதுங்கள், சீக்கிரம் கலைந்துவிடும்.
தேங்காய்: அமெரிக்க ஓக்கிலுள்ள லாக்டோன். பர்பன் பீப்பாய்க்கு இதுதான் ரேகை.
பேரீச்சை, பழம்புளி, உலர்ந்த திராட்சை: ஷெர்ரி பீப்பாய்.
தீக்குச்சி உரசிய வாடை: கந்தகம். ஷெர்ரி பீப்பாய்களில் சிலசமயம் வரும். கொஞ்சம் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஆகாது.
காய்வெட்டான பெங்களூரா மாங்காயின் பச்சை வாடை: இதை நான் இளம் சரக்கில் மட்டும் கண்டிருக்கிறேன்.

ருசிக்கு நடுவே உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். சிக்கன் 65, மிக்சர், ஊறுகாய் எல்லாம் முடிந்த பிறகு. மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது 40 சதவீத விஸ்கியும் 55 போல எரியும்.

அரூர் பக்கம்

புகை வாசமுள்ளவற்றில் எதிலிருந்து தொடங்குவது? லஃப்ரோய்க் வாங்கின நண்பர் ஒருத்தர் டிங்ச்சர் வாடை என்று அப்படியே வைத்துவிட்டார்.

மத்திகிரி

அவர் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பார்லியை உலர்த்த பீட் (சதுப்பு நிலத்து மக்கிய மண்கட்டி) எரித்த புகையில் உள்ள கிரெசால் வகைகளுக்கு அந்த மருந்து வாடை உண்டு. தொடக்கத்துக்கு டாலிஸ்கர் 10 வையுங்கள், 45.8 சதவீதம், புகையோடு மிளகும் உப்பும் சேர்ந்து வரும். அடுத்து போமோர், அப்புறம் லகவுலின் 16, லஃப்ரோய்க் 10, கடைசியில் ஆர்ட்பெக் 10. புகைச்சத்தைக் காட்டும் பி.பி.எம். எண்ணை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள். போமோர் 25, ஆர்ட்பெக் 55 என்பதெல்லாம் காய்ச்சுவதற்கு முன் பார்லி மால்ட்டில் அளந்தது. காய்ச்சும்போது எவ்வளவு தங்கும் என்பது டிஸ்டிலரிக்கு டிஸ்டிலரி மாறும்.

முக்கியமாக, அறையில் கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் கூடாது. கொசுவத்தி எரியும் அறையில், புகை வாசமே இல்லாத கிளென்ஃபிடிக்கூடப் புகைகிறது.

பர்கூர் ரோடு

எல்லாம் சரி, பெயர் தெரிந்து குடித்தால் விலைதான் ருசிக்கும். இரண்டு விஸ்கிக்கும் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கிளாஸ் முறை: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. கிளாஸ் அடியில் ஸ்டிக்கர். ஊற்றுகிறவர் வேறு, ருசி பார்க்கிறவர் வேறு, ஊற்றியவர் அறையை விட்டு வெளியே. தனித்து நிற்பது எது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாக வரும். ஆகவே ஒரு சுற்று போதாது. 5 சுற்றில் 4 சரியென்றால், அது குருட்டாம்போக்கில் நடக்க 4.5 சதவீதம்தான் வாய்ப்பு, நம்பலாம். 6-இல் 4 என்றால் வாய்ப்பு 10 சதவீதம், நம்ப முடியாது. சுற்றுக்கு ஒவ்வொரு கிளாஸிலும் 5 மி.லி. போதும், அதையும் முகர்ந்து, நாக்கில் பட்டுத் துப்பிவிடுங்கள். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் விளக்கை மங்கலாக்குங்கள். கேரமல் போடுகிற பிளெண்டையும் போடாத மால்ட்டையும் கண்ணே பிரித்துவிடும்.

ஜுஜுவாடி

அத்திப்பள்ளி தாண்டினால் ரகம் அதிகம் என்று அங்கிருந்து பாட்டில் கொண்டுவரும் யோசனை சொல்ல வந்தால், வேண்டாம். கர்நாடக சரக்கை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு, வண்டியும் போகும். சும்மாவா, 1937-இல் சென்னை மாகாணத்திலேயே முதல் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு அதற்குள்தான். கொண்டுவந்த ராஜாஜியே ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். ரகம் பார்க்க ஆசையென்றால் பெங்களூர் பாரிலேயே 30 மி.லி. வீதம் வாங்கிப் பாருங்கள், திரும்ப பஸ்ஸில் வாருங்கள்.

ஓசூர் மலையடி

மிச்ச பாட்டிலை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தார்கள். ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, இருட்டான அலமாரியின் கீழ்த்தட்டில். பரணில் வைத்தால் கோடையில் சூடேறி ஆவி கார்க்கைத் தள்ளும், கார்க்கும் காய்ந்து உடையும். திறப்பதற்கு முன் பாட்டிலைச் சில விநாடி சாய்த்துக் கார்க்கை நனைத்துவிட்டு, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். அப்படியும் உடைந்தால், காபி வடிகட்டும் பேப்பரில் வடித்து வேறு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றலாம். புதுத் துணியில் வடித்தால் கஞ்சி வாடை ஏறும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் உள்ளே காற்று அதிகம், 180 மி.லி. கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, கழுத்து வரை நிரப்பி மூடி, பெயர், சதவீதம், திறந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். புகை விஸ்கி இருந்த பாட்டிலில் வேறெதையும் ஊற்றாதீர்கள், எத்தனை கழுவினாலும் மூடியின் பிளாஸ்டிக்கில் வாசம் தங்கியிருக்கும்.