புதுப்பிப்பு: கடற்பஞ்சை இனம் பிரிக்க டிஎன்ஏ மட்டும் போதுமா?

கடற்பஞ்சுகள் கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்குகள். குளிர்கடல் கடற்பஞ்சுகளை அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்முட்களை வைத்து இனம் பிரிக்கிறார்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். டிஎன்ஏ இருக்கும்போது முள் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி.

வட அட்லாண்டிக்கின் ஜியோடியா என்ற கடற்பஞ்சுப் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) பாருங்கள். வெளித்தோற்றத்தில் பல இனங்கள் ஒரே மாதிரி உருண்டைக் கட்டிகள்தான். ஒரு துண்டை பிளீச்சில் போட்டால் சதை கரைந்து சிலிக்கா முட்கள் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியில் அவற்றின் வடிவமும் அளவும் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டமே இதுதான். ஆனால் ஆழத்தையும் நீரிலுள்ள சிலிக்காவையும் பொறுத்து ஒரே இனத்திலும் முள்ளின் அளவு மாறலாம். அங்கேதான் டிஎன்ஏ உதவுகிறது.

சரி, டிஎன்ஏ மட்டும் போதுமா? போதாது. இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் சிஓ1 என்ற மரபணு பல கடற்பஞ்சுகளில் மிக மெதுவாகத்தான் மாறுகிறது. அதனால் நெருங்கிய இரண்டு இனங்களுக்கு ஒரே டிஎன்ஏ வரிசை வந்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு தடயம், வாழிடம். ஜியோடியா பார்வா ஆர்க்டிக்கின் குளிர்ந்த நீருக்குரியது. அதற்கு நெருங்கிய உறவான ஜியோடியா ஃபிளெக்ரேயி சற்றே வெப்பமான வட அட்லாண்டிக் நீருக்குரியது. மாதிரி எடுத்த ஆழமும் நீரின் வெப்பநிலையும் குறிக்கப்படாவிட்டால் இந்தத் தடயம் கைவிட்டுப் போய்விடும்.