புதுப்பிப்பு: கட்டெறும்பு டப்பாவிலிருந்து தப்பிப்பது நின்றது

நான் டப்பாவில் வளர்க்கும் கட்டெறும்புகள் விளிம்பேறித் தப்பிப்பதை எப்படித் தடுப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. விளிம்பில் தடவிய தேங்காய் எண்ணெய் ராயபுரம் வெயிலுக்கு நிற்கவில்லை, வழிந்து கீழே வந்துவிட்டது. பலித்தது டால்கம் பவுடர்தான்: மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, உள்விளிம்பில் பஞ்சால் பூசி, வாடை முழுக்கப் போகும்வரை காயவிட்டு, அப்புறம்தான் எறும்புகளை விட்டேன், கால் பிடிக்காமல் சறுக்கி விழுகின்றன.

எதிர்பாராதது, கடல்காற்று ஈரத்தில் பூச்சு நமுத்துப்போவது. மழை நாளில் சாவகாசமாக ஏறி வருகிறார்கள், அதனால் அவ்வப்போது சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

கட்டெறும்புகளுக்கு வைத்த சர்க்கரைத் தண்ணீருக்கு வெளியிலிருந்து சிற்றெறும்புகள் வேறு படையெடுத்தன. டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டதும் அதுவும் சரி. ராணி நன்றாக இருக்கிறாள், முட்டையும் இடுகிறாள்.