'எக்சைட்டட்' வரும் இடங்களில் தமிழில் என்ன எழுதுவது? மற்ற மொழிகளில் எப்படி?

கேள்வி: வசனவரி

ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதும் வேலை. பாத்திரங்கள் மூச்சுக்கு மூச்சு 'ஐ ஆம் சோ எக்சைட்டட்' என்கிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் அதே சொல், பீட்சா வரப்போகிறது என்றாலும் அதே சொல். எல்லா இடத்திலும் 'நான் மிகவும் உற்சாகமாக இருக்கிறேன்' என்று போட்டால் வரிகள் உயிரில்லாமல் கிடக்கின்றன. பரவசம், கிளர்ச்சி, பரபரப்பு, ஆர்வம், குதூகலம் என்று அகராதியில் வரிசையாக இருக்கின்றன. எதை எங்கே போடுவது?

இன்னொன்று. இதே தொடர் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளிலும் போகிறது. அவர்களுக்கு நேரான சொல் இருக்கிறதா, இல்லை அவர்களும் நம்மைப் போலத்தான் திண்டாடுகிறார்களா?

பதில் 1: இருகரை

அவர்களுக்கும் நேரான சொல் கிடையாது. நேரானது போலத் தெரியும் சொல்தான் ஆபத்து.

பிரெஞ்சில் 'எக்சித்தே' இருக்கிறது. ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒருவர் தன்னைப் பற்றி 'ஜெ சுயி எக்சித்தே' என்றால், பாரிஸில் கேட்பவருக்குக் காம உணர்வு என்ற பொருள்தான் முதலில் தோன்றும். பிள்ளைகள் ஆட்டம் போட்டு அடங்காமல் இருந்தால் அந்தச் சொல் பொருந்தும். கனடாவின் கியூபெக் பகுதிப் பிரெஞ்சில் இந்தக் கூச்சம் குறைவு. பிரான்சில் இயல்பாக வருவது 'ஜே ஆத்'. 'எனக்கு அவசரம் இருக்கிறது' என்பதுதான் அதன் கட்டமைப்பு, பொருளோ 'எப்போது நடக்கும் என்று இருக்கிறது'. இளைஞர்கள் 'ஜே த்ரோ ஆத்' என்று அத்தோடு நிறுத்திவிடுவார்கள். எதற்கு என்று சொல்லக்கூட வேண்டாம்.

ஸ்பானிஷில் 'எக்ஸிதாதோ' என்று போட்டாலும் அதே சங்கடம். லத்தீன் அமெரிக்காவில் 'எமோசியொனாதோ' என்பார்கள். ஆனால் அது கண் கலங்குவதற்கும் பொருந்தும், எனவே காட்சியைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஸ்பெயினில் 'மெ ஆஸெ முச்சா இலுஸியோன்' என்பது அன்றாடப் பேச்சு. இதன் அமைப்பைக் கவனியுங்கள்: வரப்போகும் பயணம்தான் எழுவாய், அது 'எனக்கு' அந்த உணர்வை உண்டாக்குகிறது. 'நான் இப்படி இருக்கிறேன்' என்ற அமைப்பே இல்லை.

ஜெர்மன்தான் கற்றுக்கொள்ள நல்ல இடம். 'ரேகன்', அசைப்பது, கிளப்புவது என்ற ஒரே வேர். முன்னொட்டை மாற்றினால் மூன்று சொல். 'அன்கெரேக்ட்' என்றால் தூண்டப்பட்டது. களைகட்டிய உரையாடலுக்கும், இயற்பியலில் அணுவின் கிளர்வுற்ற நிலைக்கும் இதுதான். 'அவுஃப்கெரேக்ட்' என்றால் படபடப்பு. நாளைக்குத் தேர்வு என்ற பயமும் நாளைக்கு ஊருக்குப் போகிறோம் என்ற மகிழ்ச்சியும் இதில் கலந்தே இருக்கும். 'எர்ரேக்ட்' என்றால் கொதிப்பு அல்லது காமக் கிளர்ச்சி. ஜெர்மன் கற்பவர்கள் தவறி விழுவது இந்த மூன்றாவதில்தான்.

ஆனால் 'ஐ ஆம் எக்சைட்டட்' என்பதற்கு ஜெர்மன்காரர் பெரும்பாலும் இம்மூன்றையும் தொடுவதில்லை. 'இஷ் ஃப்ராய மிஷ்', அதாவது 'மகிழ்கிறேன்' என்ற வினையை எடுத்து, 'அவுஃப்' என்ற முன்னிடைச்சொல் சேர்த்தால் இனி வரப்போவதற்கான மகிழ்ச்சி. 'ஊபர்' சேர்த்தால் கைக்கு வந்துவிட்டதற்கான மகிழ்ச்சி. பரிசுப்பெட்டி மூடியிருக்கும்போது அவுஃப், பிரித்துப் பார்த்த பிறகு ஊபர். முன்கூட்டியே வரும் மகிழ்ச்சிக்கு 'ஃபோர்ஃப்ராய்ட' என்று தனிப் பெயர்ச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வரப்போகிறதா, வந்துவிட்டதா? உங்கள் 'உற்சாகம்' உயிரில்லாமல் கிடப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. உற்சாகம் என்பது ஒரு காரியத்தைச் செய்யும்போது இருக்கும் ஊக்கம். 'உற்சாகமா வேலை பார்த்தான்' சரி. 'நாளைக்கு உன்னைப் பார்க்க உற்சாகமா இருக்கேன்' என்று யாரும் பேசுவதில்லை.

வரப்போவதற்குத் தமிழில் பெயர்ச்சொல்லைத் தேடவே வேண்டாம். ஒரு வாய்பாடு இருக்கிறது: 'எப்போ' + எதிர்கால வினை + 'னு இருக்கு'. 'எப்போ உன்னைப் பார்ப்பேன்னு இருக்கு.' 'எப்படா விடியும்னு இருக்கு.' பிரெஞ்சின் 'ஜே ஆத்' செய்யும் வேலையை இது அப்படியே செய்கிறது. 'காத்திருக்க முடியவில்லை' என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. படிப்பவருக்குப் பொறுமை போய்விட்டது, கிளம்பிப் போகப் போகிறார் என்று தோன்றும்.

பதில் 2: கீழைக்காற்று

இருகரை சொன்னதோடு கிழக்காசியாவையும் சேர்க்கிறேன். அங்கே சிக்கல் வேறு மாதிரி.

சீன எழுத்தில் இரண்டே எழுத்துகள். சீனத்தில் 'ஷிங்ஃபென்', ஜப்பானியத்தில் 'கோஃபுன்', கொரியத்தில் 'ஹுங்புன்'. மூன்றும் ஒரே சொல். எடைதான் வேறு. சீனத்தில் ஷிங்ஃபென் நல்ல செய்தி கேட்டவர் சாதாரணமாகச் சொல்வது (விளையாட்டு வீரர்கள் பிடிபடும் ஊக்கமருந்துக்கும் இதே சொல்லோடு 'ஜி' சேர்த்துத்தான் பெயர்). கொரியத்தில் ஹுங்புன் என்றால் கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, அல்லது காமம். 'ஹுங்புன் வேண்டாம்' என்றால் 'டென்ஷன் ஆகாதே' என்று பொருள். ஜப்பானியம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அனல் பறக்கும் ஆட்டத்தைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை என்றால் கோஃபுன் சரி, தோழி வீட்டு விருந்துக்குப் போகும்போது பொருந்தாது. அகராதியில் மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்தான் போட்டிருப்பார்கள், அதை நம்பி எழுதினால் ஆபத்து.

ஜப்பானியர் அன்றாடம் சொல்வது இரட்டைச் சொற்களில். 'வாகு வாகு' என்றால் உள்ளே மகிழ்ச்சி பொங்குகிறது, பயம் துளியும் இல்லை. 'டோகி டோகி' என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காரணம் காதலோ மேடைப் பயமோ படி ஏறியதோ, எதுவாகவும் இருக்கலாம். 'ஸோவா ஸோவா' என்றால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. 'ஹாரா ஹாரா' என்றால் ஆபத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்ப்பவருக்கு அடித்துக்கொள்கிறது. அலுவலக மடலில் இவை எதுவும் வராது, 'தனோஷிமி' (ஆவலோடு எதிர்பார்ப்பது) என்ற அடக்கமான சொல்தான்.

இந்த இடத்தில் ஐரோப்பிய மொழிகளைவிடத் தமிழ் ஜப்பானியத்துக்கு நெருக்கம். நமக்கும் இரட்டைக்கிளவி உண்டு. டோகி டோகிக்குப் 'படபடன்னு அடிச்சுக்குது'. ஹாரா ஹாராவுக்குத் 'திக்திக்குன்னு இருக்கு'. ஸோவா ஸோவாவுக்கு 'இருப்புக் கொள்ளல'. வாகு வாகுவுக்கு மட்டும் இரட்டைக்கிளவி கிடைக்காது, 'மனசு குதிக்குது' என்று வினையாகப் போட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை: 'குறுகுறு' என்றால் குற்ற உணர்வோ அறியும் ஆவலோ ஆகிவிடும், 'கிளுகிளு' என்றால் காமம் ஒட்டிக்கொள்ளும். இரட்டைக்கிளவி என்பதற்காகக் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடக் கூடாது.

பதில் 3: வடக்குவாசல்

பின்லாந்து மொழியையும் ஒருக்கால் பாருங்கோ. 'மினுவா யான்னித்தா' எண்டு சொல்லுவினம். 'நான்' எழுவாயாய் வராது, 'என்னை இறுக்குது' எண்டமாதிரி அமைப்பு. நாண் இறுகிற இறுக்கம் எண்ட அதே வேரிலதான் மின்னழுத்தத்துக்கான 'யான்னிதெ' எண்ட சொல்லும். பயமோ சந்தோசமோ எண்டு அந்த வினை சொல்லாது. சந்தோசம் மட்டும் எண்டால் 'ஓலென் இன்னோய்ஸ்ஸனி' எண்டு வேறயாச் சொல்லோணும். ஜெர்மன்லயும் 'ஷ்பானுங்' எண்டால் கதையின்ர விறுவிறுப்பும் அதுதான், வோல்டேஜும் அதுதான்.

எங்கட யாழ்ப்பாணப் பேச்சில இந்த ரண்டுக்கும் ரண்டு சொல் இருக்கு. 'பெடியனுக்கு ஒரே புளுகம்' எண்டால் சந்தோசத்தில நிலத்தில கால் படேல்ல. 'எனக்கு அந்தரமாக் கிடக்கு' எண்டால் பதற்றத்தோட வாற அவசரம். இலங்கைப் பாத்திரம் பேசிற வசனம் எண்டால் தாராளமாப் போடுங்கோ. தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு எண்டால் கவனம்: புளுகம் எண்டதைப் பொய் எண்டு எடுப்பினம், அந்தரம் எண்டால் ஆகாயத்தில தொங்கிறது எண்டு நினைப்பினம்.

பதில் 4: அகம்புறம்

உளவியல் பக்கமிருந்து ஒரு குறிப்பு. மொழிபெயர்ப்பில் இதனால் நேரடியாகவே சிக்கல் வருகிறது.

ஜேம்ஸ் ரசல் 1980-ல் உணர்ச்சிகளை இரண்டு அச்சுகளில் வைத்தார். ஒன்று இனிமை–கசப்பு, மற்றது உடலின் விழிப்பு நிலை. பதற்றமும் எக்சைட்மென்ட்டும் விழிப்பு நிலையில் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டிலும் இதயம் வேகமாக அடிக்கும். இனிமை அச்சில்தான் பிரிகின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாடவோ மேடையில் பேசவோ போகிறவர்களிடம் 'ஐ ஆம் எக்சைட்டட்' என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளச் சொன்னவர்களைவிட இவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம், விழிப்பு நிலையைக் கீழே இறக்குவது கடினம். அதை அப்படியே விட்டு, அதற்கு வேறு பெயர் சூட்டுவது எளிது.

தன்னம்பிக்கை நூல்களில் இந்தச் செய்தி அடிக்கடி வரும். தமிழாக்கும்போது 'படபடப்பாக இருக்கிறேன்' என்று எழுதினால் அறிவுரையே கெட்டுப்போகும். படபடப்பு பதற்றத்தின் பக்கம் சாய்ந்த சொல். இங்கே இனிமை தெளிவாகத் தெரிய வேண்டும்: 'இதுக்குத்தான் காத்திருந்தேன்', 'ஒரு கை பாத்துடலாம்'. பின்னிஷ் மொழிபெயர்ப்பாளரும் இங்கே யான்னித்தாவைத் தவிர்த்து இன்னோய்ஸ்ஸனியைத்தான் எடுக்க வேண்டும்.

வசனவரி

நிறையத் தெளிந்தது, நன்றி. இன்னும் மூன்று இடம் இடிக்கிறது.
அ) நிறுவன அறிவிப்பு: 'வீ ஆர் எக்சைட்டட் டு அனௌன்ஸ்.'
ஆ) மருத்துவர் நோயாளியிடம்: 'டோன்ட் கெட் எக்சைட்டட்.'
இ) நாய் எக்சைட்டட்.
மேலும், 'கிளர்ச்சி' என்ற சொல்லைத் தவிர்க்கவே வேண்டுமா? இயற்பியல் பாடத்தில் அதுதானே இருக்கிறது?

இருகரை

அ) 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்'. அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். பிரெஞ்சில் அறிவிக்கும் 'இன்பம் எங்களுக்கு' என்பார்கள், ஜெர்மனில் 'மகிழ்கிறோம்', அவ்வளவுதான். ஆங்கில நிறுவன மொழியில் அந்த எக்சைட்டட் தேய்ந்து வெறும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. அதை முழு எடையோடு பெயர்த்தால் மிகையாகும்.

ஆ) இங்கே இனிமையே இல்லை. 'உணர்ச்சிவசப்படாதீங்க', 'பதறாதீங்க'. நோயாளி கத்திக்கொண்டிருந்தால் 'டென்ஷன் ஆகாதீங்க'. தமிழ்நாட்டு மருத்துவர் பெரும்பாலும் கடைசியைத்தான் சொல்வார்.

இ) உணர்வின் பெயரே தேவையில்லை. படத்தில் நாய் தெரிகிறது. 'வாலை ஆட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வருது' என்றால் போதும். குழந்தைக்கும் இதே வழிதான்: 'தலைகால் புரியாம ஆடுறான்'. பெயர்ச்சொல்லில் அடைக்க முயன்றால்தான் தமிழ் திணறுகிறது. உடம்பு என்ன செய்கிறது என்று சொல்ல விட்டால் சரளமாக வருகிறது.

கிளர்ச்சி பற்றி: பாடநூலில் 'கிளர்வுற்ற நிலை', 'கிளர்வு ஆற்றல்' என்று வருவது சரி, அங்கே அதை மாற்றக் கூடாது. மனிதர்கள் என்று வந்தால், செய்தித்தாளில் கிளர்ச்சி என்றால் அரசை எதிர்த்துப் போராட்டம், பத்திரிகைத் துணுக்கில் 'கிளர்ச்சியூட்டும்' என்றால் காமம். இரண்டுக்கும் நடுவே குடும்பத் தொடர் பாத்திரம் நுழைய இடமில்லை. 'பரபரப்பு'ம் இதே கதிதான். 'அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது விபத்து, கொலை, வெடிகுண்டு மிரட்டல். விறுவிறுப்பான கதை என்ற பொருளில் மட்டும் அது நல்ல சொல்.

கீழைக்காற்று

'புல்லரிக்குது', 'மெய்சிலிர்த்தது' இரண்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவை கண்முன் நடப்பதற்கோ நடந்து முடிந்ததற்கோதான். பாட்டைக் கேட்டுப் புல்லரித்தது சரி, அடுத்த வாரக் கச்சேரியை நினைத்துப் புல்லரிக்கிறது என்றால் மிகை. பிலிப்பினோ மொழியில் காதல் காட்சியைப் பார்த்துச் சிலிர்ப்பதற்கென்றே 'கிலிக்' என்று தனிச் சொல் உண்டு. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் தொடரில் நாயகனும் நாயகியும் கை பிடிக்கும் இடத்தில் தோழி கத்துகிறாளே, அந்த எக்சைட்மென்ட் இந்த வகை. அங்கே 'ஜிவ்வுனு இருக்கு' என்று போடுங்கள்.

வசனவரி

அந்தக் காட்சியில் தோழிக்குப் பதினாறு வயது, பக்கத்தில் அவளுடைய அம்மாவும் இருக்கிறார். 'ஜிவ்வுனு' சரியா?

கீழைக்காற்று

அம்மா இருந்தால் வேண்டாம். 'ஐயோ, செம!' போதும். வரியும் சிறியது, திரையில் நிற்கும் நேரத்துக்குள் படித்துவிடலாம்.